எதைப் பாத்துச் சுட்டீங்க?

வீரணன் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. இத்தனைக்கும் நான் வாய் இல்லாதவள் இல்லை. கீழ்ப்பழனி மலையில் நாற்பது ஏக்கர் காப்பியையும் மிளகையும் புருஷன் போன பிறகு பதினொரு வருஷமாகத் தனியாகக் கட்டி மேய்க்கிறேன். வியாபாரியோ அதிகாரியோ, யாராக இருந்தாலும் குணவதி அம்மாளிடம் பதில் தயாராக இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் திருதிருவென்று முழித்தேன்.

கேள்விக்கு வருவதற்கு முன்னால் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என்னிடம் இருந்தது ஒற்றைக்குழல் துப்பாக்கி. காட்டுப்பன்றிக்காக வாங்கியது. லைசென்ஸ் கொடுப்பதற்கு முன் தாலுகா ஆபீசில் ஓர் அதிகாரி என்னை உட்காரவைத்து விசாரித்தார். வீட்டுக்கு ஒருத்தன் கத்தியோடு வருகிறான், என்ன செய்வீர்கள் என்றார். சுடுவேன் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்றால்? கதவைச் சாத்துவேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பரீட்சை அவ்வளவுதான். ஆனால் அந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்தபோதெல்லாம் எனக்கு அந்தக் கதவு ஞாபகம் வரும். ஒருமுறை மிளகுக்கொடிக்குப் பின்னால் புதர் ஆடியது. பன்றிதான், சந்தேகமே இல்லை. இருந்தாலும் மூன்று தடவை குரல் கொடுத்தேன். மூன்றாவது குரலுக்குத் தேன் எடுக்க வந்த ஓர் ஆள் டப்பாவோடு எழுந்து நின்றான். அன்று மத்தியானம் சாப்பிடாமல், முதல் வேலையாகத் துப்பாக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

பிறகு சட்டம் மாறியது. கண் இல்லாத துப்பாக்கி யாரிடமும் இருக்கக் கூடாது என்றார்கள். பழையதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுப் புதியது வாங்கினேன். அதன் குழலுக்குக் கீழே பழைய ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக ஒரு கண்ணாடி. அதுதான் கண். பிடியில் கை பட்டதும் விழித்துக்கொள்ளும். எதிரே இருப்பதைப் பார்க்கும், கேட்கும், ஒரு முடிவுக்கு வரும். நம் உயிருக்கு ஆபத்து இல்லை என்று தோன்றினால் குழல்மேல் சிவப்பு விளக்கு எரியும். விசை இறுகிவிடும், யானை வந்து அழுத்தினாலும் நகராது. ஆபத்து என்று பட்டால் பச்சை. அப்போது மட்டும்தான் சுட முடியும்.

பச்சை எரிந்தபின் சுட்டவர்மேல் வழக்குக் கிடையாது. கண் பார்த்திருக்கிறது, அதைவிடப் பெரிய சாட்சி எது? எதிரே நின்றவர்மேல்தான் வழக்கு. சட்டம் வந்த புதிதில் இதை எல்லோரும் கொண்டாடினோம். இனிமேல் குடிபோதையில் யாரும் யாரையும் சுட முடியாது, அப்பாவி சாக மாட்டான், தற்காப்புக்காகச் சுட்டவர் கோர்ட்டுக்கும் வீட்டுக்குமாக அலைய வேண்டாம். நானும்தான் கைதட்டினேன்.

கம்பெனியிலிருந்து ஷாநவாஸ் என்ற இன்ஜினியர் இரண்டு நாள் வந்திருந்து சொல்லிக்கொடுத்தார். என் நாத்தனார் பவளக்கொடி அவருக்கு விதவிதமாகச் சமைத்துப் போட்டாள். பவளம் என் புருஷனின் தங்கை, என்னோடுதான் இருக்கிறாள். வீடு அவள் பொறுப்பு, தோட்டம் என் பொறுப்பு. துப்பாக்கிப் பேச்சு என்றாலே அவளுக்குப் பிடிக்காது. அதனால் பாடம் நடந்த இரண்டு நாளும் அவள் அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை.

பனியில் கண் தெரியுமா என்று கேட்டேன். எங்கள் மலையில் ஐந்து மாதம் பனிதான்.

"பனியெல்லாம் இதுக்கு ஒண்ணுமே இல்லம்மா. உடம்புச் சூட்ட வச்சும் ஆளப் பாத்துரும்."

சேறு பட்டால் என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார். முதல் வருஷம் வந்த துப்பாக்கிகளில் கண் மறைந்தால் விசை பூட்டிக்கொள்ளுமாம். ஒரு தோட்டக்காரர் மழையில் வழுக்கி விழுந்து, கண்ணில் சேறு அப்பி, கையில் துப்பாக்கி இருந்தும் வெட்டுப்பட்டுச் செத்துப்போனார். அதற்குப் பிறகு மாற்றிவிட்டார்கள்.

"இப்ப அதுக்குத் தெரியலைன்னா தடுக்காதும்மா. சந்தேகம்னு வந்தா துப்பாக்கி வச்சிருக்கிறவங்க பக்கந்தான் நிக்கும்."

அப்போது வேறு ஒரு நிறம் எரியலாமே என்றேன். மூன்று நிறம் வைத்தால் ஆபத்து நேரத்தில் ஆள் குழம்பிவிடுவார் என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. கடைசியாக ஒன்று கேட்டேன்: நமக்குப் பின்னால் ஒரு கதவு திறந்திருந்தால் அது இதற்குத் தெரியுமா? எந்தக் கதவு என்று அவர் திருப்பிக் கேட்டார். ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன்.

புதுத் துப்பாக்கி வந்த பிறகு என்ன மாறியது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. குரல் கொடுக்கிற பழக்கம் போய்விட்டது. புதர் ஆடினால் முன்பெல்லாம் புதரைப் பார்ப்பேன். இப்போது விளக்கைப் பார்த்தேன். சிவப்பா, தாழ்த்து. பச்சையா, சுடு. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு மாதம் முன்னால் பக்கத்து மலையில் ஒரு தோட்டக்காரரை விடிகாலையில் அவர் வீட்டு வாசலிலேயே வெட்டிப் போட்டார்கள். மிளகுத் திருட்டைத் தட்டிக்கேட்டவர். அன்றிலிருந்து நான் துப்பாக்கியில் தோட்டா போட்டே வைத்திருந்தேன். பழையதாக இருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன். இதுதான் தானே பார்த்துக்கொள்ளுமே.

தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலியும் போட்டேன். ஊர்க்காரர்கள் ரோட்டுக்குப் போகிற குறுக்குப்பாதை என் தோட்டத்துக்குள்ளேதான் போகிறது. அது அடைபட்டது. வேலை செய்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். வீரணன் மட்டும் நேராகக் கேட்டான். பத்தொன்பது வருஷமாக என்னிடம் மிளகு பறிக்கிறவன். ஒற்றை மூங்கில் ஏணியில் அவன் ஏறுவதைப் பார்த்தால் ஏணி இருப்பதே மறந்துபோகும். அத்தனை பேர் முன்னால் சொன்னான்: "இது எங்க பாட்டன் காலத்துப் பாதைம்மா. ஒரு நாளைக்கு இந்த வேலிய வெட்டித்தான் போடப்போறேன், பாத்துக்கங்க."

சிரித்துக்கொண்டு சொன்னானா, கோபமாகச் சொன்னானா? அன்று கேட்டிருந்தால் சிரித்தான் என்றிருப்பேன். பிறகு நினைக்க நினைக்க அவன் முகம் மாறிக்கொண்டே போனது.

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் வழக்கம்போல எல்லா ஆயுதமும் குடோனுக்கு வந்தது. காப்பி அரைக்கிற மிஷின், மருந்தடிக்கிற பம்பு, ஏணிகள், எங்கள் ஆட்கள் வீட்டு அரிவாள் முப்பத்தொன்று. எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, பூசணிக்காய் உடைத்தோம். ஜீப்புக்கு வாழைக்கன்று கட்டினோம். துப்பாக்கியை மட்டும் குடோனில் வைக்காமல் வீட்டுக் கூடத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைப்பது வழக்கம். கூடத்துப் பூஜை பவளத்தின் வேலை. நான் குடோனில் இருந்ததால் அவளே எல்லாம் செய்து முடித்திருந்தாள். படைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமிக் காலையில் மறுபூஜை செய்துதான் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் தொட மாட்டார்கள்.

மறுநாள் காலை ஆறு மணி இருக்கும். ராத்திரி முழுக்கக் காற்று அடித்து ஓய்ந்து, பனி இறங்கியிருந்தது. நான் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். குடோன் சங்கிலி சத்தம் கேட்டது.

யாரும் தொடாத நேரத்தில் குடோனை யார் திறக்கிறார்கள்? உள்ளே முப்பத்தொரு அரிவாள் இருக்கிறது என்பதுதான் முதலில் தோன்றியது. வாசலில் வெட்டுப்பட்ட பக்கத்து மலைத் தோட்டக்காரர் தோன்றினார். படத்துக்கு முன்னாலிருந்த துப்பாக்கியை அப்படியே எடுத்துக்கொண்டு எழுந்தேன். அதன்மேல் வைத்திருந்த செவ்வந்திப்பூ தரையில் விழுந்தது. வாசல் கதவைத் திறந்து வராந்தாவில் போய் நின்றேன்.

பனிக்குள் ஓர் உருவம் படியை நோக்கி வேகமாக வந்தது. கையில் அரிவாள்.

பச்சை எரிந்தது. சுட்டேன்.

இந்த இரண்டுக்கும் நடுவில் என் நினைவில் வேறு எதுவும் இல்லை. எவ்வளவோ முறை தோண்டிப் பார்த்துவிட்டேன்.

உருவம் களைத்துப்போன ஆள் மாதிரிப் படியில் உட்கார்ந்தது. "அம்மா, மரம்" என்றது. அப்போதுதான் வீரணன் என்று தெரிந்தது. அவன் பக்கத்தில் கிடந்த அரிவாளில் நேற்று வைத்த பொட்டு அழியாமல் இருந்தது. முழங்காலுக்குக் கீழே சதை பிய்ந்து தொங்கியது. பவளம் ஓடிவந்து வாயைப் பொத்திக்கொண்டாள். நான் என் துண்டால் காலை இறுக்கிக் கட்டினேன். என்ன மரம், ஏன் மரம் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. வலியில் உளறுகிறான் என்று நினைத்தேன்.

ஜீப்பில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். மூன்றாவது வளைவில் ஒரு பெரிய சில்வர் ஓக் மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. அந்தப் பக்கம் முதல் பஸ். மரத்தைச் சுற்றி ஊர்க்காரர்கள் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஊரில் ஒரு வீட்டிலும் அரிவாள் இல்லை. எல்லாம் என் குடோனில் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அதில் ஒன்றை எடுக்கத்தான் வீரணன் மேலே வந்திருக்கிறான்.

அவனைத் தூக்கி மரத்துக்கு மேலாகக் கைமாற்றி அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பஸ்ஸில் படுக்கவைத்தோம். பஸ் ரிவர்ஸிலேயே போய், திருப்ப இடம் கிடைத்துத் திரும்பி, திண்டுக்கல் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

நான் வீடு திரும்பியபோது சப்-இன்ஸ்பெக்டர் மாயகிருஷ்ணன் வராந்தாவில் காத்திருந்தார். பவளம் கூடத்தை மெழுகித் துடைத்து, துப்பாக்கியையும் துடைத்து, ஒரு வெள்ளைத்துணியில் மேஜைமேல் வைத்திருந்தாள். அவர் ஒரு சின்னக் கருவியைத் துப்பாக்கியில் செருகினார். ஒரு சீட்டு வந்தது. நேரம்: 6.07. அனுமதி: உண்டு. தூரம் என்ற இடத்திலும் எதிராளி என்ற இடத்திலும் ஒன்றும் இல்லை, வெறும் கோடு.

ஏன் கோடு என்றேன். பனி என்றார். பார்த்த படம் இருக்குமே என்றேன். படமெல்லாம் கண் வைத்துக்கொள்வதில்லையாம். படம் இருந்தால் ஆளாளுக்குப் பார்த்து ஒவ்வொன்று சொல்வார்கள், அதனால் முடிவை மட்டும்தான் வைத்திருக்குமாம். நடந்ததை நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

"நீங்க சொல்ல வேண்டியது ஒண்ணுமில்ல மேடம். அதான் கண்ணே சொல்லிருச்சே."

அன்று மாலையே வீரணன்மேல் வழக்குப் பதிவானது. ஆயுதத்தோடு அத்துமீறி நுழைந்தது, கொலை முயற்சி. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரரை உட்காரவைத்தார்கள். துப்பாக்கி பத்து நாளில் என் கைக்குத் திரும்பி வந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று வக்கீல் சொன்னார். வீரணனின் வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. அவன் மனைவி பேச்சி என்னைப் பார்த்ததும் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். வீரணன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், அதற்கு என்னைத் தயார்படுத்திக்கொண்டும் போயிருந்தேன். அவன் திட்டவில்லை.

"சாமி முன்னாடி வச்சதச் சொல்லாமக் கொள்ளாம எடுக்கக் கூடாதுல்லம்மா. அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்னு மேல வந்தேன். நீங்க ஒரு குரல் குடுத்திருந்தா அங்கனயே நின்னிருப்பேன்."

நான் குரல் கொடுத்தேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். யாரது என்று கேட்ட மாதிரிதான் இருந்தது. அவன் சொன்னதும் அதுவும் கலைந்துபோனது.

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டான். கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி.

"எதைப் பாத்துச் சுட்டீங்கம்மா?"

அரிவாளை என்று சொல்ல வாயெடுத்தேன். பத்தொன்பது வருஷமாக அவன் கையில் அரிவாளைத்தானே பார்க்கிறேன். உன்னை என்று சொல்ல முடியாது, அவன் என்று எனக்குத் தெரியவே தெரியாது. வேலியைச் சொல்லலாமா, செத்துப்போன தோட்டக்காரரைச் சொல்லலாமா?

"பச்சை எரிஞ்சுது வீரணா" என்றேன்.

பேச்சி சுவரைப் பார்த்தபடியே, "அது வெளக்குங்கம்மா" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். பனி விழுந்த காலைகளில் பவளத்தின் கையில் அரிவாளைக் கொடுத்துக் குடோனிலிருந்து படிவரை நடந்துவரச் சொல்வேன். நான் வராந்தாவில் நின்று பார்ப்பேன். ஒரு நாள் வெட்ட வருகிற ஆள் மாதிரியே இருக்கும். மறுநாள் அதே நடை, அதே அரிவாள், யாரோ விசேஷத்துக்குச் சொல்ல வருகிற மாதிரி இருக்கும். மெதுவாக வா என்பேன், வேகமாக வா என்பேன். "எனக்கு முட்டி வலிக்குது மதினி, உங்களுக்கு என்ன தெரியணுமோ அதச் சொல்லுங்க" என்று ஒரு நாள் அவள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்கு என்ன தெரியவேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

ஒன்று மட்டும் அந்தக் காலைகளில் தெளிவாகத் தெரிந்தது. நான் நின்ற இடத்திலிருந்து வாசல் கதவு இரண்டு அடி. என் முதுகுக்குப் பின்னால், திறந்தபடி இருந்தது. தேக்குக் கதவு. உள்ளே போய்ச் சாத்திக்கொண்டு, யாரது என்று கேட்டிருந்தால், சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போகலாமென்று வந்தேன் என்று வெளியிலிருந்து பதில் வந்திருக்கும்.

ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிருக்கலாமே என்றும் அடுத்த நிமிஷம் தோன்றும். அது சூட்டைப் பார்க்கும், நடையைப் பார்க்கும். வீரணன் மனதில் நிஜமாகவே ஏதாவது இருந்திருந்தால்? மரம் ஒரு சாக்காக இருந்திருந்தால்? அப்படி நினைத்தால் தூக்கம் வந்தது. எழுந்ததும் அப்படி நினைத்ததற்காக வெட்கம் வந்தது.

பனி ஒரு பொருட்டே இல்லை என்று ஷாநவாஸ் சொன்னாரே, பிறகு ஏன் அந்தக் கோடு? கம்பெனிக்குப் போன் செய்தேன். அவர் வேலையை விட்டுப் போயிருந்தார். போனை எடுத்த பெண், சில சமயம் பனியிலும் அப்படி ஆகலாம் மேடம் என்றாள். ஆகாது என்றீர்களே என்றேன். ஆகலாம் என்றாள்.

கோர்ட்டில் பஸ் கண்டக்டர் வந்து மரம் விழுந்ததைச் சொன்னார். மரம் விழுந்தது உண்மையாகவே இருக்கட்டும், படியேறும்போது அவன் மனதில் என்ன இருந்தது என்று உமக்கு எப்படித் தெரியும் என்று அரசு வக்கீல் கேட்டார். துப்பாக்கிக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. ஏழு வருஷம் வரை போடலாம் என்று என் வக்கீல் சொன்னார். கடைசியாக என் சாட்சியம் மட்டும் பாக்கி. இந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்து, விஜயதசமிக்கு அடுத்த திங்கட்கிழமை. சீட்டில் இருப்பது சரிதானா என்று கேட்பார்கள், சரி என்று சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும்.

ஆயுத பூஜை வந்தது. குடோனில் முப்பது அரிவாள்தான் இருந்தது. ஒன்று கோர்ட்டில் இருக்கிறது. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்காமல் கூடத்துக்கு வந்தேன். பவளம் பீரோவிலிருந்து துப்பாக்கியை எடுத்துப் படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள். ஒரு வருஷமாக நான் அதைத் தொடவில்லை. ஆனாலும் ஆயுதம் என்று வீட்டில் இருப்பதைப் பூஜையில் வைக்காமல் விட அவளுக்கு மனசு வராது. சந்தனத்தைக் குழைத்து விரலில் எடுத்து, துப்பாக்கியின் வட்டக் கண்ணாடிமேல் கனமாக அப்பினாள். அதன் நடுவில் குங்குமம் வைத்தாள். கண்ணாடி முழுசாக மறைந்துவிட்டது.

"அங்க ஏன் வைக்கிற?"

"பின்ன எங்க வைக்க? மூஞ்சி மாதிரி இருக்கிறது அந்த ஒரு இடந்தான."

"போன வருஷம் எங்க வச்ச?"

"வருஷா வருஷம் இங்கதான் மதினி."

நான் கீழே உட்கார்ந்தேன். துப்பாக்கியைத் திறந்து தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்தேன். பிறகு பிடியில் கை வைத்துத் தூக்கினேன். குழல் சரஸ்வதி படத்துக்கு நேராக இருந்தது.

பச்சை எரிந்தது.

சுவர்ப்பக்கம் திருப்பினேன். பச்சை. பொரித்தட்டுப் பக்கம், குத்துவிளக்குப் பக்கம். எல்லாம் பச்சைதான். சேற்றைப் பற்றி ஷாநவாஸ் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் வந்தது. அதற்குத் தெரியவில்லை என்றால் தடுக்காது. அந்தக் கோடு பனியினால் வந்தது இல்லை.

இதை எப்போது துடைத்தாய் என்று பவளத்தைக் கேட்டேன். அன்று போலீஸ் வருவதற்கு முன்னால் என்றாள். குங்குமம் ஈரத்தில் கரைந்து ரத்தம் மாதிரித் தெரிந்ததாம். பார்க்கிறவர்கள் தப்பாக நினைத்துவிடுவார்கள் என்று துடைத்தாளாம். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். பச்சை விளக்கையும் தன் விரலில் இருந்த சந்தனத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குத் துப்பாக்கி தெரியாது, ஆனால் மூளை இருக்கிறது.

"அப்ப நான்தானா மதினி?"

"நீ பொட்டுதான் வச்ச. சுட்டது நான்."

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஒரு வருஷமாக இரண்டு பேரில் யார் பார்த்தது சரி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன், கண்ணா நானா என்று. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷன் படியேறி வந்திருக்கிறான், அவனை யாருமே பார்க்கவில்லை.

வக்கீலுக்குப் போன் செய்தேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு கத்தினார். அனுமதி செல்லாது என்று ஆகிவிட்டால் வழக்கு அப்படியே என் பக்கம் திரும்பும், வீரணன் உட்காருகிற இடத்தில் நான் உட்கார வேண்டியிருக்கும், தோட்டம் போகும், இந்த வயசில் ஜெயில் என்றார். துடைத்துவிட்டுச் சும்மா இருங்கள், இது உங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும் என்றார். பவளத்துக்கும் அது கேட்டது. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு துப்பாக்கிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"ஒரு நிமிஷம் மதினி. தொடச்சிர்றேன்."

"துடைக்காத பவளம்."

 அவள் முந்தானையை விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை மறுபூஜைக்கு முன்னாலேயே துப்பாக்கியை எடுத்தேன். பொட்டு கலையாமல் துண்டில் சுற்றிக்கொண்டேன். ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன் ஊருக்குள் போக வேண்டியிருந்தது. என் வேலியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டு கிலோமீட்டர் அதிகம் என்று நடந்தபோதுதான் தெரிந்தது.

ஜாமீனில் வந்திருந்த வீரணன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். கட்டைக்கால் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தது. நான் வருவதைக் கண்டதும் பேச்சி உள்ளே போய்க் கதவைப் பாதி சாத்திக்கொண்டாள். நான் துண்டைப் பிரித்து, குழலைத் தரைப்பக்கம் வைத்து, பொட்டைக் காட்டினேன். ஷாநவாஸ் சொன்னதையும் பவளம் செய்ததையும் சொன்னேன்.

"போன வருஷம் ஒண்ணு கேட்டியே வீரணா. எதையும் பாக்கல. இதுவும் பாக்கல, நானும் பாக்கல. திங்கக்கிழமை கோர்ட்டுலயும் இதத்தான் சொல்லப்போறேன்."

அவன் குனிந்து அந்தப் பொட்டைப் பார்த்தான். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் கொண்டுபோயிருந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் அதை எடுக்கத் துணிச்சல் வரவில்லை. பிறகு கிழக்கே வெளிச்சம் எவ்வளவு வந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு அவன் கேட்டான்.

"மறுபூஜை இன்னும் முடிஞ்சிருக்காதேம்மா. சாமி முன்னாடி வச்சத யாருகிட்டயாச்சும் சொல்லிட்டு எடுத்தீங்களா?"

"உங்கிட்ட சொல்லத்தான் வந்திருக்கேன்" என்றேன்.